திருவள்ளூர் லான்ஸரும் அதன் பந்தய அண்ணன்மார்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏ.எஸ்.ராவ் நகர்த் தெரு ஒன்றில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு ஒரு காரைக் குளிப்பாட்டிக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் புது வண்டிகள். அவற்றின் நடுவே ஒரு வீட்டு வாசலில் மட்டும், பழைய ஏ.பி. எண் தகட்டோடு, வெள்ளி நிறத்தில் தாழ்வான கார் ஒன்று நிற்கும். அதைத் துடைத்துக் கொண்டிருப்பவர் எழுபதைத் தாண்டிய ஒரு தமிழர். ஈ.சி.ஐ.எல். கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருத்தணிக்குப் பக்கம்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கினாராம். 1999-ல் செய்த மிட்சுபிஷி லான்ஸர். 15 ஆண்டு முடிந்ததும் மறுபதிவு செய்தார். பிறகு ஐந்தைந்து ஆண்டாக இன்னும் இரண்டு முறை செய்தாயிற்று. "இதைக் கொடுத்துவிட்டுப் புதுசாக ஒன்று வாங்கலாம்" என்று மகன் நாள்தோறும் நச்சரிக்கிறான். பெரியவர் அசைவதாக இல்லை.

"ஏன் ஸார், ஜப்பான் வண்டி என்பதாலா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறிவிட்டுச் சிரித்தார். "யார் தம்பி ஜப்பான் என்று சொன்னது? இது எங்க ஊர் வண்டி. திருவள்ளூரில் செய்தது. இதனுடைய அண்ணன் உலகச் சாம்பியன், தெரியுமா?"

அவர் சொன்ன இரண்டும் உண்மை. அந்தக் குடும்பக் கதைதான் இந்தக் கட்டுரை. ஜப்பானில் தொடங்கி, கென்யாவின் சேற்றிலும் பின்லாந்தின் காட்டிலும் புரண்டு, திருவள்ளூரில் ஒரு கிளை விட்டு, 2016-ல் முடிந்து போன கதை அது.

புலம் பெயர்ந்தவர் கையில் முதல் வெற்றி

லான்ஸர் என்ற பெயரில் மிட்சுபிஷி முதல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1973-ல். சிறிய குடும்பக் கார்தான். ஆனால் அதில் 1600 ஜி.எஸ்.ஆர். என்று வேகமான வகை ஒன்றும் இருந்தது. அதை ராலிப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள்.

ராலி என்பது வட்டப் பாதையில் சுற்றி வரும் பந்தயம் அல்ல. காடு, மலை, கிராமத்து மண் சாலை, பனி என்று கிடைத்த வழியில் எல்லாம் ஓட வேண்டும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுப் புறப்படும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று படித்துக்கொண்டே வருவார். எதிரி பக்கத்தில் ஓடும் கார் அல்ல. சாலையும் கடிகாரமும்தான் எதிரி.

அந்த நாளில் உலகத்திலேயே கடுமையான ராலி என்று பெயர் எடுத்தது கிழக்கு ஆப்பிரிக்கச் சஃபாரி ராலி. ஈஸ்டர் சமயத்தில், மழைக் காலத்தை ஒட்டி நடக்கும். ஒரு நாள் புழுதி, மறுநாள் சேறு. ஐரோப்பியப் பெருங் கம்பெனிகளின் கார்கள் அச்சு முறிந்து, சேற்றில் மூழ்கி, பாதி வழியிலேயே நின்றுவிடும்.

1974-ல் அந்தச் சஃபாரி ராலியை வென்றது சின்னஞ் சிறிய லான்ஸர் 1600 ஜி.எஸ்.ஆர். அதை ஓட்டியவர் ஜோகிந்தர் சிங். இரண்டாவதாக வந்தது போர்ஷே கார். அப்போது மிட்சுபிஷியை வெளிநாட்டில் பலருக்குத் தெரியவே தெரியாது. இரண்டாண்டு கழித்து, 1976-ல், அதே ராலியில் முதல் மூன்று இடங்களையும் லான்ஸர்களே பிடித்தன. முதலிடம் மறுபடியும் ஜோகிந்தர் சிங்குக்கு.

இந்த ஜோகிந்தர் சிங் யார்? கென்யாவில் குடியேறிய பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. 1932-ல் கெரிச்சோ என்ற ஊரில் பிறந்தவர். பட்டறையில் கை கறுக்க வேலை கற்றவர். சாலையில் பழுதாகி நிற்கும் கார்களுக்கு உதவி செய்யும் ரோந்துப் பணியாளாக இருந்தவர். 1965-ல் பழைய வால்வோ கார் ஒன்றில் தம் தம்பி ஜஸ்வந்த் சிங்கோடு முதன்முதலாகச் சஃபாரியை வென்றபோது, 'பறக்கும் சீக்கியர்' என்ற பட்டம் ஒட்டிக் கொண்டது. கென்ய மக்களோ 'சிம்பா' என்றார்கள். சுவாஹிலி மொழியில் சிங்கம் என்று பொருள். 2013-ல் காலமானார்.

பிழைக்கப் போன இடத்தில் அந்நியராகப் பார்க்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, அந்த ஊர்ச் சாலைகளை அந்த ஊராரைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். அதனால் ஊரே அவரைத் தன்னவர் என்று தோளில் தூக்கிக் கொண்டது. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகத் தோன்றுகிறதல்லவா?

நான்கு சக்கரமும் இழுக்கும் காலம்

1980-களின் தொடக்கத்தில் ராலி உலகமே மாறியது. ஜெர்மானிய ஆடி கம்பெனி, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி தரும் குவாட்ரோ காரைக் கொண்டுவந்தது. அதுவரை இரண்டு சக்கரம் இழுக்கும் கார்களே ஓடின. சேற்றிலும் பனியிலும் இரண்டு மாடு கட்டிய வண்டிக்கும் நான்கு மாடு கட்டிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது.

பிறகு போட்டி வெறியாக மாறியது. 'குரூப் பி' என்ற பிரிவில், பெயருக்குத்தான் கார், உண்மையில் ராக்கெட் என்று சொல்லும்படியான வண்டிகள் வந்தன. 1986-ல் போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு கார்ஸிகா தீவில் ஹென்றி டோய்வோனெனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்து போனார்கள். அத்துடன் அந்தப் பிரிவுக்கு முடிவு கட்டப்பட்டது.

1987 முதல் 'குரூப் ஏ' விதி முதன்மைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்: கடையில் பொதுமக்களுக்கு விற்காத காரைப் பந்தயத்தில் ஓட்டக் கூடாது. ஆயிரக்கணக்கில் செய்து விற்றுக் காட்டினால்தான் அனுமதி. 1990-களில் அந்த எண்ணிக்கை 2,500.

இந்த ஒரு விதிதான் நம் கதையின் கரு. பந்தயக் கார் வேண்டுமானால், அதே உடம்பும் அதே என்ஜினும் உள்ள காரை ஆசிரியருக்கும் டாக்டருக்கும் கடைக்காரருக்கும் விற்றாக வேண்டும். பந்தயத்தில் கற்ற பாடம் வீட்டு வாசல் வரை வந்து சேர்வதற்கு இந்த விதி ஒரு பாலம் போட்டது.

மிட்சுபிஷி முதலில் காலன்ட் வி.ஆர்.-4 என்ற காரை இறக்கியது. 1989-ல் பின்லாந்து ராலியையும் பிரிட்டிஷ் ராலியையும் அது வென்றது. அதில் இருந்தது '4ஜி63' என்ற 2 லிட்டர் டர்போ என்ஜின். டர்போ என்றால் வேறொன்றுமில்லை. என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தால் ஒரு சிறு காற்றாடி சுழலும். அதோடு இணைந்த இன்னொரு காற்றாடி வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். வீணாகும் புகையிலிருந்து பலம் சம்பாதிக்கும் தந்திரம்.

காலன்ட் கொஞ்சம் பெரிய உடம்பு. வளைவுகளில் தடுமாறியது. "இதே என்ஜினைச் சின்ன லான்ஸருக்குள் வைத்தால் என்ன?" என்ற கேள்விக்குப் பிறந்த விடைதான் லான்ஸர் எவல்யூஷன்.

பத்துத் தலைமுறை

எவல்யூஷன் என்றால் பரிணாமம். சுருக்கமாக 'எவோ'. ரோமன் எண் போட்டு ஒன்று முதல் பத்து வரை வந்தன.

முதல் எவோ 1992 அக்டோபரில் வந்தது. 250 குதிரைத்திறன். விதிக்காகச் செய்த 2,500 கார்களும் கண் மூடித் திறப்பதற்குள் விற்றுப் போயின. மேற்கொண்டும் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வகை இருந்தது. ஜி.எஸ்.ஆர். என்பது குடும்பத்துக்கு. ஆர்.எஸ். என்பது பந்தயக்காரருக்கு. ஆர்.எஸ்.ஸில் ஏர்கண்டிஷன் இல்லை, பவர் கண்ணாடி இல்லை. எடை குறைய வேண்டுமே! 1993 ஜனவரியில் மான்டி கார்லோ ராலியில் அது முதன்முதலாக உலகச் சாம்பியன் பந்தயக் களம் இறங்கியது. முன்பக்கம் கனமாக இருந்ததால் வளைவில் திரும்ப மறுக்கிறது என்று குறை வந்தது.

1994 ஜனவரியில் வந்த இரண்டாவது எவோவில் சக்கர இடைவெளியையும் தாங்கிகளையும் திருத்தினார்கள். 260 குதிரைத்திறன். 1995 ஸ்வீடன் ராலியில் முதலிரண்டு இடமும் இதற்குத்தான். அதே மாதம் மூன்றாவது எவோ வந்துவிட்டது. என்ஜின் சூடாகிறது என்று முகப்பில் பெரிய காற்றுத் துவாரங்கள் வைத்தார்கள். 270 குதிரைத்திறன்.

1996 ஆகஸ்டில் நான்காவது. புது உடம்பு. என்ஜினையே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். எடை சமநிலைக்கு வந்தது. பின்சக்கரங்களில் எதற்கு எவ்வளவு சக்தி போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும் ஏற்பாடும் வந்தது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால், கார் தானாக உள்ளே திரும்பும். படகில் ஒரு பக்கத் துடுப்பை அதிகம் போட்டால் படகு மறு பக்கம் திரும்புவது போல. 280 குதிரைத்திறன். அதற்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் வாய்மொழி உடன்பாடு வைத்திருந்தன. ஆகவே அடுத்த பல எவோக்களும் காகிதத்தில் 280-லேயே நின்றன.

1998 ஜனவரியில் ஐந்தாவது. உடம்பு அகன்றது, பிரேக் பெரிதானது. 1999 ஜனவரியில் ஆறாவது. காற்றும் குளிர்ச்சியும் திருந்தின. 2001-ல் ஏழாவது, செடியா என்ற புதிய லான்ஸர் உடம்பில். 2003-ல் எட்டாவது. அமெரிக்காவில் முதலில் விற்பனைக்குப் போன எவோ இதுதான். 2005-ல் ஒன்பதாவது. 2007 அக்டோபரில் பத்தாவது. இதில்தான் பழைய 4ஜி63 என்ஜினுக்கு விடை கொடுத்து, அலுமினிய உடல் கொண்ட புது என்ஜின் வைத்தார்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் குற்றப் பத்திரிகை. முன்பக்கம் கனம் என்றார்கள், திருத்தினார்கள். சூடு என்றார்கள், துவாரம் வைத்தார்கள். பிழையை உலகமே பார்த்தது. திருத்தத்தையும் உலகமே பார்த்தது.

உழவுப் போட்டியில் வென்றவர்

காரை வைத்து மட்டும் வெல்ல முடியாது. ஓட்டுநர் வேண்டும். பின்லாந்தின் கிராமத்துப் பண்ணைப் பிள்ளை டாமி மாக்கினென் அப்படி அமைந்தார். இளம் வயதில் அவர் முதலில் பெயர் வாங்கியது டிராக்டர் உழவுப் போட்டியில்! நேராக உழுகிறவன் நேராக ஓட்டுவான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கூடும்.

1996-ல் நடந்த ஒன்பது உலக ராலிகளில் ஐந்தை மாக்கினென் வென்றார். அதில் ஒன்று சஃபாரி. ஜோகிந்தர் சிங் லான்ஸரில் வென்று சரியாக 20 ஆண்டு கழித்து, அதே சஃபாரியில் மறுபடியும் லான்ஸர்! அந்த ஆண்டு உலகச் சாம்பியன் பட்டம் மாக்கினெனுக்கு. அடுத்து 1997, 1998, 1999 என்று தொடர்ந்து நான்கு பட்டம். அதற்கு முன் யாரும் தொடர்ச்சியாக நான்கு வென்றதில்லை.

இதில் 1998 கதையைச் சொல்லாமல் விட முடியாது. கடைசிப் பந்தயம் பிரிட்டனில். முதல் நாளே மாக்கினெனின் கார் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி, கான்கிரீட் கட்டையில் மோதிச் சக்கரம் பிய்ந்தது. பட்டம் போயிற்று என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். போட்டியாளர் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் சைன்ஸ், டொயோட்டாவில், நான்காவதாக வந்தாலே போதும். கடைசி நாள், கடைசிக் கட்டம், முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது டொயோட்டாவின் என்ஜின் புகை கக்கி நின்றது. சைன்ஸின் துணை ஓட்டுநர் ஆத்திரம் தாங்காமல் தலைக்கவசத்தை எறிந்து பின் கண்ணாடியையே உடைத்தார். வீட்டுக்குப் புறப்பட்டவருக்குப் பட்டம். வாசல்வரை வந்தவருக்கு ஏமாற்றம். அந்த ராலியில் மிட்சுபிஷியின் இன்னொரு ஓட்டுநர் ரிச்சர்ட் பர்ன்ஸ் முதலில் வந்தார். அதனால் கம்பெனிகளுக்கான உலகப் பட்டமும் மிட்சுபிஷிக்குக் கிடைத்தது. அந்தப் பட்டம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

நல்ல எதிரி இல்லாமல் நல்ல வீரன் இல்லை. லான்ஸருக்கு அந்த எதிரி இன்னொரு ஜப்பான் காரான சுபாரு இம்ப்ரெஸா. 1995-ல் காலின் மெக்ரே அதில் உலகச் சாம்பியன் ஆனார். 1995, 1996, 1997 மூன்று ஆண்டும் கம்பெனிப் பட்டம் சுபாருவுக்கு. ஒரு பக்கம் லான்ஸர், ஒரு பக்கம் இம்ப்ரெஸா என்று உலகத்து இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள்.

திருவள்ளூர்க் கிளை

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

திருவள்ளூர் என்றால் நம்மில் பலருக்கு வீரராகவப் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். அமாவாசைக்கு வந்து குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். இல்லையென்றால் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரி. அந்த ஊரில், அம்பாஸடர் கார் செய்து வந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு ஒரு தொழிற்சாலை தொடங்கியது. 1998-ல் அங்கிருந்து லான்ஸர் வெளி வந்தது.

வருடத்தைக் கவனியுங்கள். உலக ராலியில் மாக்கினென் எவோ ஐந்தில் ஓடிக் கொண்டிருந்த அதே 1998. திருவள்ளூரில் செய்த லான்ஸரின் உடம்பு, எவோ நான்கு, ஐந்து, ஆறு மூன்றுக்கும் அடிப்படையான அதே தலைமுறை உடம்பு! என்ஜின் மட்டும் சாதுவானது. டர்போ கிடையாது, முன்சக்கரம் இரண்டுதான் இழுக்கும். அண்ணன் பயில்வான், தம்பி குமாஸ்தா. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஏ.எஸ்.ராவ் நகர்ப் பெரியவர் சொன்னது இதைத்தான்.

2006-ல் அடுத்த தலைமுறையான செடியாவும் திருவள்ளூரில் தயாரானது. இது எவோ ஏழு, எட்டு, ஒன்பதின் தம்பி. இந்தத் தம்பி சும்மா இருக்கவில்லை. இந்திய தேசிய ராலிகளில் பல ஆண்டு புழுதி கிளப்பினான்.

அண்ணனும் ஒரு வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தான். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிறகு டயரில் இறங்கி, பந்தயத்திலும் இறங்கியது. ஆசிய-பசிபிக் ராலிச் சாம்பியன் போட்டிக்கு லான்ஸர் எவோக்களைத் தன் டயரோடு அனுப்பியது. 2010-ல் ஜப்பானியர் கத்சுஹிகோ டகுச்சி எம்.ஆர்.எஃப். அணிக்காக லான்ஸரில் ஓட்டி அந்தப் பட்டத்தை வென்றார். ஜப்பான் காரை ஜப்பானியர் ஓட்டினார்; தரையைத் தொட்ட ரப்பர் மட்டும் நம்முடையது. அதே அணியில் லான்ஸர் ஓட்டிப் பழகிய டெல்லி இளைஞர் கௌரவ் கில், பிறகு ஸ்கோடா காரில் 2013, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டு ஆசிய-பசிபிக் சாம்பியன் ஆனார். 2019-ல் மோட்டார் பந்தயத்துக்கென்று முதன்முதலாக அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

2010-ல் எவோ பத்தை இறக்குமதி செய்து இந்தியாவிலும் விற்றார்கள். விலையைக் கேட்டாலே நம் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். எனவே அதைச் சாலையில் பார்த்தவர்கள் குறைவு.

முடிவு எப்படி வந்தது?

இத்தனை வெற்றி பெற்ற கார் ஏன் நின்று போயிற்று?

ஒரு காரணம் விதி. 1997-ல் 'உலக ராலி கார்' என்று புதுப் பிரிவு வந்தது. அதற்கு 2,500 பேருக்கு விற்க வேண்டியதில்லை. சாதாரணக் காரை எடுத்துப் பந்தயத்துக்கென்று தனியாக மாற்றிக் கொள்ளலாம். மிட்சுபிஷி மட்டும் பிடிவாதமாகப் பழைய வழியில், கடையில் விற்கும் காரை ஒட்டியே 2001 வரை ஓடியது. பிறகு மாறியது. மாறிய பின் பழைய வெற்றி திரும்பவில்லை. 2005 முடிவில் உலக ராலியிலிருந்தே விலகியது. சுபாருவும் 2008 முடிவில் விலகியது.

இன்னொரு காரணம் கசப்பானது. வாடிக்கையாளர் தந்த புகார்களைப் பல ஆண்டுகளாக அரசிடமிருந்து மறைத்து வந்ததாக மிட்சுபிஷி மோட்டார்ஸ் 2000-ல் ஒப்புக் கொண்டது. 2004-ல் மேலும் மறைப்புகள் வெளிப்பட்டன. ஜப்பானில் விற்பனை சரிந்தது. பணம் இல்லாத வீட்டில் பந்தயக் குதிரைக்குக் கொள்ளு ஏது? 2016-ல் எரிபொருள் சிக்கனக் கணக்கையும் திரித்ததாக ஒப்புக் கொண்டது. அதே ஆண்டு நிஸ்ஸான் கம்பெனி 34 சதவீதப் பங்கை வாங்கியது.

எவோ காரின் பெருமை எதில் இருந்தது என்று மேலே பார்த்தோம். தவற்றை மறைக்காமல் திருத்தியதில் இருந்தது. கல்லில் மோதிய பிழையை அடுத்த எவோவில் திருத்திய கம்பெனி, காகிதத்தில் செய்த பிழையைப் பல ஆண்டு பெட்டியில் பூட்டி வைத்தது. பந்தயச் சாலையில் பொய் சொல்ல முடியாது, கார் நின்றுவிடும். ஆபீஸ் மேசையில் பொய் சொல்லலாம். உடனே எதுவும் நிற்காது. ஆனால் கடைசியில் எல்லாமே நிற்கும். நாள் முழுவதும் கோப்பும் பேரேடும் புரட்டுகிற நமக்கு இது புரியாத பாடமல்ல.

2015-ல் கடைசிப் பதிப்பு என்று ஜப்பானில் 1,000 எவோ கார்களை விற்றார்கள். அடுத்த ஆண்டோடு வரிசை முடிந்தது.

திருவள்ளூர் ஆலை மட்டும் மூடிக் கிடக்கவில்லை. 2017-ல் பிரெஞ்சு பெஷோ குழுமமும் சி.கே.பிர்லா குழுமமும் கூட்டுச் சேர்ந்தன. 2021 முதல் அங்கே சிட்ரோன் கார்கள் வெளிவரத் தொடங்கின. கம்பெனி மாறியது, மொழி மாறியது. வேலை செய்யும் கைகள் மட்டும் அந்தப் பக்கத்துக் கைகள்தான்.

பெயர் இல்லாத கைகள்

பெரியவர் என்ஜின் மூடியைத் தூக்கினார். தயாரிப்பாளரின் தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். "இதில் கம்பெனி பெயர் இருக்கிறது. இதை முடுக்கியவன் பெயர் இல்லை. எங்க பக்கத்துப் பையன் யாரோ ஒருத்தன், பூண்டிக்காரனோ கடம்பத்தூர்க்காரனோ, ஷிப்டில் நின்று முடுக்கியிருப்பான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு போல்ட் கழன்றதில்லை."

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் காலனிக்கு ஏ.எஸ்.ராவ் பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். 1967-ல் ஈ.சி.ஐ.எல்.லை உண்டாக்கிய மனிதர். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று ஊருக்கே தெரியாத காலத்தில் இங்கே கம்ப்யூட்டர் செய்தோம். வீட்டுக்கு வீடு எங்கள் டி.வி. இருந்தது. அதற்குச் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். என் பெயர் எந்த டி.வி.யிலும் இல்லை. ஆனால் அந்த டி.வி. ஓடும்போது எனக்குத் தெரியும், நானும் அதில் இருக்கிறேன் என்று."

உலகச் சாம்பியன் என்று மாக்கினென் பெயரைப் பதித்தார்கள். பதிக்க வேண்டியதுதான். ஆனால் எவோ ஒன்று முதல் பத்து வரை, ஒவ்வொரு முறையும் இரவு கண் விழித்துத் தாங்கியை மாற்றி, துவாரத்தை வெட்டி, என்ஜினைத் திருப்பி வைத்த பட்டறைக்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கென்யச் சேற்றில் ஜோகிந்தர் சிங்கின் கார் நிற்காமல் ஓடியதற்கு, அவர் தாமே ஒரு காலத்தில் பட்டறைக்காரராக இருந்தது எவ்வளவு உதவியதோ!

நாங்கள் பேசிக் கொண்டிருக்கும்போது மகன் வெளியே வந்தான். கையில் புதுக் கார் ஒன்றின் விளம்பரத் தாள். அப்பாவிடம் நீட்டினான். பெரியவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக் கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"எங்கே செய்தது என்று இதில் போட்டிருக்கிறதாடா?"

மகன் சிரித்துவிட்டான். "திருவள்ளூர்தாம்பா."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். பிறகு துணியை வாளியில் நனைத்து, விட்ட இடத்திலிருந்து பழைய லான்ஸரைத் துடைக்கத் தொடங்கினார்.